பார்த்தும் பாராதவர்கள்

பால் குடிக்கிற பூனையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. குடித்து முடித்துவிட்டு, மீசையில் ஆடை ஒட்டியிருப்பது தெரியாமல், கூடத்தில் வந்து கண்ணை மூடிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பூனையைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். மனிதர் விஷயமும் இப்படித்தான். தப்புச் செய்வதற்கு ஆகிற நேரம் கொஞ்சம். அதை மூடி மறைக்க ஆகிற நேரம் அதிகம். தப்பை மட்டும் எழுதினால் அது துன்பக் கதை. மறைக்கிற பாட்டை எழுதினால் அதே சரக்கு நகைச்சுவை நாடகமாகிவிடுகிறது.

மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் வேறோர் உறவு வைத்துக்கொண்டு, அது வெளியே வராமலிருக்க அவர்கள் அல்லாடுவதை வைத்து எத்தனையோ மொழிகளில் நாடகம் போட்டிருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்களும் அலமாரிக்குள் நுழைந்தவர்களும் மேடையில் கொஞ்சமா? இதில் ஒரு கொலையும் சேர்ந்துகொண்டால் சிரிப்பு நின்றுவிட வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் நிற்பதில்லை. ஏன் நிற்பதில்லை என்று யோசிக்க வைத்தது, 2024ஆம் வருஷம் ஆகஸ்டு 9ஆம் தேதி வெளியான 'அந்தகன்' என்ற படம்.

இந்தப் படத்தின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. இது ஸ்ரீராம் ராகவன் இயக்கி 2018இல் வந்த 'அந்தாதுன்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். அந்த இந்திப் படத்துக்கோ, ஒலிவியே திரேனே என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் எடுத்த ஒரு குறும்படம் வித்து. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன் ஒருவனைப் பற்றிய அந்தக் குறும்படம் முழுசும் ஓட கால்மணி நேரம்கூட ஆகாது. பிரான்சில் தோன்றிய கதை பூனா நகரத்து இந்திக் கதையாகி, தியாகராஜன் இயக்கத்தில் தமிழுக்கு வந்தபோது புதுச்சேரியில் குடியேறிவிட்டது. அதாவது, ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கொடி பறந்த ஊருக்கே வந்து சேர்ந்தது. நான் அதைக் காரைக்காலில் உட்கார்ந்து பார்த்தேன். 1739இலிருந்து 1954 நவம்பர் வரையில், நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட காலம் போக, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. பிறந்த வீட்டுச் சீர் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

கதை இதுதான். கண் நன்றாகத் தெரிகிற ஓர் இளைஞன், பியானோ வாசிக்கிறவன், கண் தெரியாதவனாக நடிக்கிறான். பார்வை போனால் சங்கீதத்தில் மனம் கூடுதலாக லயிக்கும் என்பது அவன் சொல்லிக்கொள்கிற காரணம். கண் தெரியாத கலைஞன் என்றால் ஊரார் காட்டும் பரிவு அவனுக்குக் கிடைக்கிற லாபம். ஒரு பழைய சினிமாக் கதாநாயகர் தம் கல்யாண நாளன்று மனைவிக்கு ஆச்சரியம் அளிக்க எண்ணி அவனை வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொல்கிறார். அவன் போய் மணியை அடிக்கிறான். கதவைத் திறக்கிற மனைவிக்கு அவனை உள்ளே விட விருப்பமில்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறாளே என்று உள்ளே விட வேண்டியதாகிறது.

உள்ளே அந்தக் கதாநாயகர் பிணமாகக் கிடக்கிறார். மனைவியின் காதலன் குளியலறையில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிறான். வந்தவன் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறான். பார்த்தும், பார்க்காதவனாகப் பியானோவின் முன் உட்கார்ந்து வாசிக்கிறான். அவன் வாசிக்க வாசிக்க, அவர்கள் இருவரும் சத்தமில்லாமல், சாடையால் பேசிக்கொண்டு, இரத்தத்தைத் துடைக்கிறார்கள். பிணத்தைப் பெட்டியில் மடித்து அடைக்கிறார்கள். நடுநடுவே அந்த அம்மாள் வாயால் மட்டும் இனிமையாக ஏதோ கேட்கிறாள்; இவனும் பதில் சொல்கிறான். வாசிப்பை நிறுத்தினால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் பெட்டியில் இன்னொரு பிணத்துக்கும் இடம் செய்துவிடுவார்கள். ஆகவே கை நடுங்கினாலும் ராகம் நடுங்கக் கூடாது.

இந்த இடத்தில் கொட்டகை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு கொலைக்காக அல்ல. அந்த அறையில் இருக்கும் மூன்று பேரும் நடிக்கிறார்கள். மூன்று பேரும் இன்னொருவர் நடிப்பை நம்பித்தான் பிழைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கூடங்களில் விருந்தாளி வந்த நேரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டையை மறைத்துக்கொண்டு காபி உபசாரம் செய்வதில்லையா? அதே வித்தைதான். கூடத்தின் மூலையில் ஒரு பிணம் கிடப்பது மட்டும்தான் வித்தியாசம்.

அப்புறம் அவன் போலீஸில் சொல்லலாம் என்று போகிறான். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிதான் அந்தக் காதலன்! இந்த ஒரு திருப்பத்துக்காகவே கதையை எழுதியவர்களுக்குக் கைகொடுக்கலாம். மறைக்கிறவர்களுக்கு நேரம் நன்றாக இருந்தால் புகார் மனுவே அவர்கள் கைக்குத்தான் வந்து சேர்கிறது.

ஆனால் அன்று படத்தைவிட என் பின்வரிசை எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அங்கே நடுவயதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். துரோகம் செய்த மனைவி திரையில் வரும்போதெல்லாம் "பாவி மவ, பாவி மவ" என்று முணுமுணுத்தார். காதலன் மட்டும் யோக்கியனா? அவனுக்கும் வீட்டில் ஒரு மனைவி இருக்கிறாள். அவளிடம் அகப்பட்டுக்கொள்வோமோ என்று அந்தப் பெரிய போலீஸ் அதிகாரி விழிக்கிற இடத்தில் அதே அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். குற்றம் ஒன்று, கூட்டாளிகள் இரண்டு பேர். ஆனால் ஒருத்திக்குச் சாபம், ஒருவனுக்குச் சிரிப்பு!

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் கதைகள் அவரை அப்படிப் பழக்கியிருக்கின்றன. 2002இல் வந்த 'பஞ்சதந்திரம்' நினைவிருக்கும். கே. எஸ். ரவிக்குமார் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். கமல்ஹாசனும் நான்கு நண்பர்களும் மனைவிமாருக்குத் தெரியாமல் பெங்களூருக்குப் போகிறார்கள். அங்கே ஒரு விலைமாது செத்துக் கிடப்பதாக எண்ணி, பிணத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஐந்து பேரும் தவிக்கிறார்கள். மனைவியிடம் ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். தமிழ் நாட்டில் இன்றும் அந்தப் படத்தின் வசனங்களை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் ஏராளம். நானும் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். முடிவில் என்ன ஆகிறது? செத்துப் போனதாக நினைத்தவள் சாகவில்லை. பொய் சொன்ன புருஷர்கள் மன்னிக்கப்படுகிறார்கள். எல்லாரும் வீடு போய்ச் சேருகிறார்கள்.

இந்த இரண்டு படங்களையும் சேர்த்து நினைக்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. 'பஞ்சதந்திர'த்தில் கணவனைச் சந்தேகித்துப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிற மனைவியாக வருகிறவர் சிம்ரன். இருபத்திரண்டு வருஷம் கழித்து 'அந்தக'னில் கணவனுக்குத் துரோகம் செய்து, அதை மறைக்கக் கொலைக்கும் அஞ்சாத மனைவியாக வருகிறவரும் அதே சிம்ரன். அந்தப் படத்தில் ஒரு மனைவியாக வந்த ஊர்வசி இதிலும் இருக்கிறார். அதை இயக்கிய ரவிக்குமார் இதில் நடிக்கவே செய்கிறார். கம்பெனி அதே கம்பெனிதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு மாறிவிட்டது. புருஷன் மறைத்தால் பிணம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. மனைவி மறைத்தாலோ பிணத்துக்கு மேல் பிணம் விழுகிறது. முன்னதற்கு மன்னிப்பு, பின்னதற்கு நாசம். கதை சொல்கிற நாங்கள் வைத்திருக்கிற பேரேடு இது. ஆண் பக்கத்து வரவு செலவு ஒரு மையில், பெண் பக்கத்தது இன்னொரு மையில்.

கதைக்காரர்களை மட்டும் ஏசுவானேன்? சட்டமே அப்படித்தான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497 என்று ஒரு பிரிவு. ஒருவனுடைய மனைவியோடு, அவன் சம்மதமின்றி இன்னொருவன் உறவு வைத்துக்கொண்டால், அந்த இன்னொருவனுக்கு ஐந்து வருஷம் வரையில் சிறை. சம்மதமின்றி என்றால் யார் சம்மதம்? மனைவியின் சம்மதம் அல்ல, புருஷனுடைய சம்மதம்! மாட்டைக் கேட்காமல் ஓட்டிப் போனவன்மேல் மாட்டுக்காரன் வழக்குப் போடுவதுபோல. சரி, புருஷன் வேறொருத்தியை நாடினால் மனைவி வழக்குப் போடலாமா? போட முடியாது. கல்யாணமாகாத பெண்ணோடோ கைம்பெண்ணோடோ என்றால் அது குற்றமே இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்த இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2018 செப்டம்பர் 27ஆம் தேதி. 'அந்தாதுன்' திரைக்கு வந்தது அதே வருஷம் அக்டோபர் 5ஆம் தேதி. எட்டே நாள் இடைவெளி! இன்று இந்தத் தவறுக்காக விவாகரத்துக் கேட்கலாம்; சிறைக்கு அனுப்ப முடியாது.

பிரெஞ்சுக்காரன் சமத்துவம் பேசியவனாயிற்றே, அவன் சட்டம் எப்படி என்று பார்த்தால், அது இதற்கு அண்ணன். 1810ஆம் வருஷத்துப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டப்படி, தவறிய மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. தவறிய கணவனுக்கு? நூறு பிராங்கிலிருந்து இரண்டாயிரம் பிராங்கு வரை அபராதம். அதுவும் எப்போது? ஆசைநாயகியைக் குடும்பம் நடத்துகிற வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டால்தான். வாசற்படிக்கு வெளியே என்றால் சட்டத்துக்குக் கண் தெரியாது. 1975 வரையில் பிரான்சில் இதுதான் சட்டம். சட்டமும் பியானோ வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம் அல்லவா?

காரைக்காலில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை யோசித்தால் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனி மாதப் பௌர்ணமியில் பாரதியார் வீதி நிரம்ப ஜனங்கள் நிற்க, பவனி வருகிற பிட்சாடன மூர்த்திக்கு முன்னால் மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானையை ஏந்தி அந்தப் பழத்தைப் பிடிப்பார்கள். காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா அது.

சேக்கிழார் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். வணிகர் தலைவர் தனதத்தனின் ஒரே மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்துவிடுகிறாள் அவள். மிச்சத்தைச் சாப்பிட்ட கணவன், ருசியாக இருக்கிறதே, மற்றதையும் கொண்டுவா என்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைத்து உருக, கையில் ஒரு கனி வருகிறது. கொண்டுவந்து வைக்கிறாள். ருசி வேறாக இருக்கவே, இது ஏது என்று கேட்கிறான். அந்த நேரம்தான் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற நேரம். அவள் மறைத்திருக்கலாம். "அதே கூடையில் வந்ததுதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் குடும்பம் பிழைத்தது. அவளோ நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டாள். குற்றம் எதுவும் செய்யாதவள் உண்மையைச் சொன்னாள். சொன்னதற்கு அவளுக்குக் கிடைத்தது வெறும் வீடு.

பரமதத்தன் பயந்துபோனான். இவள் மனுஷி அல்ல, தெய்வம் என்று எண்ணினான். சரி, பயந்தவன் அதை யாரிடமாவது சொன்னானா? இல்லை. வாணிபத்துக்குப் போவதாகச் சொல்லிக் கப்பலேறினான். திரும்பியவன் காரைக்காலுக்கு வராமல் பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி, ஒரு வணிகர் மகளை மணந்து, ஒரு பெண் குழந்தைக்கும் தகப்பனானான். இத்தனையும் காரைக்காலில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தான் தெரியுமோ? முதல் மனைவியின் பெயரையே வைத்தான்! பக்தியால் வைத்தான் என்பார்கள் பெரியவர்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் கதை எழுதிப் பழகியவனுக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. எவ்வளவு கெட்டியாக மூடி வைத்தாலும், மூடி வைத்தவன் வாயாலேயே தினம் பத்துத் தடவை அது வெளியே வந்துகொண்டிருக்கிறது. "புனிதவதீ" என்று அவன் குழந்தையைக் கூப்பிடும்போதெல்லாம் அடுக்களையில் இருந்த இரண்டாம் மனைவி என்ன நினைத்திருப்பாள்?

உறவினர்கள் செய்தி அறிந்து புனிதவதியைப் பல்லக்கில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவன் மனைவியோடும் மகளோடும் வந்து காலில் விழுகிறான். பார்த்தும் பாராதவளாக ஒரு மூலையில் இருந்து குடித்தனம் பண்ண அவளால் முடியும். அவள் அதைச் செய்யவில்லை. இவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்று நடந்துவிட்டாள். கைலாயத்தில் இறைவனே அம்மை என்று அழைக்கிற இடத்துக்குப் போய்விட்டாள். ஆனால் எல்லாப் பெண்களாலும் கைலாயத்துக்கு நடந்துவிட முடியுமா?

பரமதத்தனுக்கு அப்புறமும் இந்த ஊரிலிருந்து கப்பலேறியவர்கள் அநேகம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனார்கள். இன்னும் சில வீடுகளைச் 'சைகோன் வீடு' என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். எங்கள் தெருவிலும் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்தவர். நான் அவரைப் பார்த்தபோது ஓய்வு பெற்ற கிழவர்; சாய்வு நாற்காலியும் சுருட்டுமாக இருப்பார். அவர் மனைவியை நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுவோம். பெரியவருக்குச் சைகோனில் ஒரு குடும்பம் உண்டு, ஒரு பெண் உண்டு என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆச்சிக்கு மட்டும் தெரியாது. அப்படித்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அதை ஆச்சியிடமிருந்து மறைக்க அந்தக் குடும்பம் பட்ட பாடு, மேடையில் போட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். வெளிநாட்டுத் தபால் வந்தால் தபால்காரர் மூத்த மகன் வேலை பார்க்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஆச்சி வந்தால் திண்ணையில் பேச்சு மாறிவிடும். ஒரு தடவை யாரோ பழைய பெட்டியிலிருந்த ஒரு படத்தைக் காட்டி, இந்தச் சீனத்துப் பாவாடைக்காரி யார் என்று கேட்க, அது அங்கே ஒரு சினிமாக்காரி என்று மகன்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆச்சி, "மூக்கு கொஞ்சம் சப்பை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாவம், கள்ளங்கபடமற்ற மனுஷி என்று அம்மா எங்கள் வீட்டில் வந்து சொன்னார்.

பெரியவர் காலமானபோது எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். என் கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று, கருமாதிப் பத்திரிகைக்கு உறைமேல் விலாசம் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். உறவினர் ஏழெட்டுப் பேர் சுற்றி இருந்தார்கள். ஆச்சி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் எழுதியாச்சா தம்பி?"

"ஆச்சு ஆச்சி."

மூத்த மகனைப் பார்த்தார். "பெரியவனே, அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு எழுதிப் போடச் சொல்லு. அதுக்கும் அவர் அப்பாதானே."

கூடத்தில் பேச்சு மூச்சில்லை. மகன் எச்சில் விழுங்கிக்கொண்டு, "எந்தப் பொண்ணும்மா?" என்றார்.

"சைகோன் பொண்ணுதான். இப்ப அங்க இல்ல. பாரீசுக்கு வந்து பதினேழு வருசமாச்சு. விலாசம் சாமி அலமாரியில வெச்சிருக்கேன்."

எழுபத்தைந்தில் சைகோன் கைமாறியபோது அங்கிருந்த நம்மவர்கள் பலர் பிரான்சுக்குப் போனார்கள். அதுவரையில் ஆச்சி கணக்கு வைத்திருந்தார்! நாங்கள் மறைத்தோம் என்பது எங்கள் எண்ணம். நாங்கள் சாடை காட்டிக்கொண்டு பெட்டியில் அடைத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே அவர் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரியும் என்று சொல்லியிருந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும்? மாதா மாதம் சைகோனிலிருந்து வருகிற பணத்தை வேண்டாமென்று சொல்ல வேண்டும். மகன்கள் படிப்பும் மகள் கல்யாணமும் என்ன ஆவது? பிறந்த வீட்டில் வைத்துக்கொள்ள ஆள் உண்டா? வழக்குப் போடச் சட்டம் உண்டா? வாசிப்பை நிறுத்தினால் அடுத்த பெட்டி தமக்குத்தான் என்பது சினிமாக்காரனுக்கு ஒரு மணி நேரத்துப் பயம். அவருக்கு நாற்பது வருஷம்.

'அந்தாது'னின் கடைசிக் காட்சியில், கண் போனவனாக ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போகிற அந்த இளைஞன், வழியில் கிடக்கிற ஒரு தகர டப்பாவைக் கோலால் குறி தவறாமல் அடித்துவிட்டுப் போகிறான். பார்க்கிறவர்கள் திடுக்கிடுகிறார்கள், அப்படியானால் இவனுக்குக் கண் தெரிகிறதா என்று சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார்கள். அன்று கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. திரையில் கணவன் மறைக்கிற கதைகளைப் பார்த்து இப்போதும் நான் சிரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் மறைக்கிறவனைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அவன் மறைப்பது பலிக்கிறதே, யார் தயவால் பலிக்கிறது என்று கண் தேடுகிறது. அடுக்களைப் பக்கத்தில் எங்கேயோ ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

பாரீசு விலாசத்தை நான்தான் எழுதினேன். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எழுத்து அன்று உதவியது. ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சாமி அலமாரியிலிருந்து எடுத்த துண்டுக் காகிதத்தையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் ஒட்டக் கொடுத்தார்.